சிமெண்டுக் காளையை எடுத்துவிட்டு இட்டேரியைத் திறந்து வையுங்கள்

எங்கள் ஊரில் வரவிருக்கும் புதிய சிறைக்குப் படம் வரையும் பொறியாளர்களுக்கும், அந்தப் படத்தில் கையெழுத்துப் போடவிருக்கும் அதிகாரிகளுக்கும்:

போன மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படத்தை விரித்தீர்கள். அது சுருண்டுகொண்டே இருந்ததால் நான்கு மூலையிலும் தண்ணீர் பாட்டிலை வைத்தீர்கள். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, எங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு 48 ஏக்கரில், 500 பேரை அடைக்கும் சிறை. நான்கு மாடியில் மூன்று கட்டடங்கள், ரோட்டை ஒட்டி இருபது அடிச் சுவர், மூலைக்கு மூலை ஹைமாஸ் விளக்கு.

"கிராமத்துக்குப் பொருந்தற மாதிரி ஏதாச்சும் பண்ணக் கூடாதுங்களா?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். உங்களில் இளையவர் சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டி முகப்பைக் காட்டினார். வாயிலுக்கு மேலே சிமெண்டில் ஒரு காங்கேயம் காளை. திமிலில் கறுப்பு வண்ணம். சுவர் நெடுக, குடம் சுமக்கும் பெண்களின் ஓவியம். "லோக்கல் டச் குடுத்திருக்கோம் அய்யா" என்றார்.

"அந்த மாடு மேயற காட்டைத்தான சாமி எடுக்கறீங்க?" என்று பின்வரிசையில் ஒரு ஆத்தா சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. ஃபேன் சத்தம். எனக்குக் கேட்டது. அன்றைக்கு எழுந்து பேச வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் 1989இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சிறைத்துறையில் சேர்ந்து 2020இல் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த பெரிய சிறையிலும் இருந்திருக்கிறேன், ஒன்பது பேர் மட்டும் இருந்த கிளைச்சிறையிலும் இருந்திருக்கிறேன். எந்த ஊர், எந்தச் சிறை என்று சொல்லப் போவதில்லை. கூட வேலை பார்த்த பையன்கள் இன்னும் அங்கே டியூட்டியில் இருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வந்து ஆறு ஏக்கர் கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், நான்கு மாடும் இருபது ஆடும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். நீங்கள் கட்டப்போகிற சுவருக்கும் என் வேலிக்கும் நடுவே இருப்பது ஒரு இட்டேரி, ஒரு வண்டிப்பாதை அகலம்தான்.

ஜெயிலே வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்களோடு நான் சேரவில்லை. இருபது பேர் படுக்கிற இடத்தில் நாற்பது பேரை விட்டு ராத்திரி பூட்டுப் போட்டவன் நான். புதுச் சிறை வேண்டும்; எங்காவது ஒரு ஊரில் கட்டித்தான் ஆகவேண்டும்; எங்கள் ஊரிலேயே வரட்டும். இதைச் சொன்னதற்காக ஊரில் இரண்டு பேர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் உங்கள் படம் எங்கள் ஊரைப் பார்த்து வரைந்தது அல்ல. எங்கோ நகரத்தில் நிற்கிற ஒரு சிறையின் படத்தில் ஊர்ப் பெயரை மாற்றி, தலைமேல் காளையை உட்கார வைத்திருக்கிறீர்கள். வடக்கு எது என்று காட்டும் அம்புக்குறிகூட அதில் இல்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்தி நகர்த்தித் தேடினேன்.

சிறைக் கட்டடம் பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரி முப்பது வருசத்தில் இடித்துக் கட்டுகிற சமாச்சாரம் இல்லை. கோவை மத்திய சிறை 1872இல் வந்தது. 1908இல் வ.உ.சி.யை அங்கேதான் அடைத்துச் செக்கு இழுக்க வைத்தார்கள். ஊர் வளர்ந்து வளர்ந்து அதைச் சுற்றிக் காந்திபுரமாகி, பேருந்து நிலையமாகி, இப்போதுதான் அந்த வளாகத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா வந்திருக்கிறது. சென்னையில் 1837இல் வந்த மத்திய சிறை 2006இல்தான் புழலுக்குப் போனது. கணக்குப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நூற்றாண்டு. நகரத்தில் நிலம் விலை ஏற ஏறச் சிறைகள் எங்களைப் போன்ற ஊர்களைத் தேடி வருகின்றன. நீங்கள் மேசையில் விரித்த தாளைப் பேரனுக்குப் பேரன் வரைக்கும் எங்கள் ஊர் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறது. ஒரு நாள் வந்து நின்று பார்த்து வரைந்திருக்கலாம்.

நின்று பார்த்திருந்தால் முதலில் காற்று தெரிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் இருந்து ஆவணி வரைக்கும் எங்கள் பக்கம் அடிக்கிற மேல்காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். உங்கள் படத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? தென்மேற்கு மூலையில். ஊர் எங்கே இருக்கிறது? நேர் கிழக்கே. ஆனி ஆடி இரண்டு மாதமும் 500 பேருடைய கக்கூஸ் வாடை எங்கள் வாசலில் படுத்துக்கொள்ளும். அதை வடகிழக்கு மூலைக்குத் தள்ளினால் ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. நிலமும் அந்தப் பக்கம்தான் சரிகிறது, சாக்கடை தானாகவே ஓடும். மோட்டார்கூட வேண்டாம்.

அதே காற்றை உள்ளே இருக்கிறவனுக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் வரைகிறவர்கள் யாரும் ராத்திரி இரண்டு மணிக்குச் சிறைக் கொட்டடிக்குள் நின்றிருக்க மாட்டீர்கள்.

2016 ஏப்ரல். நான் இருந்த சிறையில் புதிதாகக் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் மேல் மாடி நைட் டியூட்டி. மாலை அடைப்பு முடிந்து கதவைப் பூட்டிய பிறகு உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அந்த மாதத்தில் மட்டும் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் ராத்திரிதான் அதைக் கக்கும். பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றி, துண்டை நனைத்துப் போட்டு, அதன்மேல் படுப்பார்கள். கால் மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும். மறுபடியும் ஒருவன் எழுந்து ஊற்றுவான். முறை வைத்துக்கொண்டு செய்தார்கள், வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவன் சட்டென்று கையை எடுத்துவிட்டேன். மணி இரண்டேகால். கம்பி சுட்டது.

அதே வளாகத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய கொட்டடி ஒன்று இருந்தது. முழங்கை நீளத் தடிமனில் சுவர், உயரமான ஓட்டுக் கூரை, முகட்டில் சூடு வெளியேற இடைவெளி. கூட்டம் தாங்காமல் நாறும், மூட்டைப்பூச்சி பிடுங்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஏப்ரலில் கைதிகள் ஜெயிலரிடம் கெஞ்சி அந்தக் கொட்டடிக்கு மாற்றல் கேட்டார்கள். புதுக் கட்டடத்தில் இருந்து பழைய கட்டடத்துக்கு.

நெல்சன் மண்டேலா விதிகள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகள் இருக்கின்றன. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் 13ஆம் விதி, கைதி தங்கும் இடம் அந்தந்த ஊரின் பருவநிலையைக் கணக்கில் வைத்து அமைய வேண்டும் என்கிறது. பருவநிலை என்றால் எங்கள் ஊரில் சித்திரை வெயிலும் ஆடிக் காற்றும். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டினால் வெயில் குறையும், ஆனால் மேல்காற்று குறுக்குச் சுவரில் மோதித் திரும்பிவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். எங்கப்பாரு கட்டின மாட்டுக் கொட்டகை கொஞ்சம் கோணலாக நிற்கிறது. சின்ன வயதில் கொத்தனாருக்குக் கோடு பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே தென்மேற்கை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார். மத்தியானம் மாட்டின் மேல் வெயில் விழாது, சாயங்காலம் காற்று குறுக்கே நுழைந்து வெளியே போகும். நடுவில் வாசல் விட்ட தொட்டிக்கட்டு வீடு இந்தப் பக்கத்தில் இன்னும் நாலைந்து நிற்கிறது, போய்ப் பாருங்கள். வாசலை ஒட்டிய ஆசாரத்துக் கூடத்தில் உட்கார்ந்தால் மே மாதத்தில்கூட மின்விசிறி தேட மாட்டீர்கள்.

நான்கு மாடி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு சுவருக்குள் ஒரு கைதிக்கு 83.61 சதுர மீட்டர் நிலம் கேட்கிறது. 500 பேருக்கு 41,805 சதுர மீட்டர், அதாவது பத்தரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. கையில் இருப்பது 48 ஏக்கர். நகரத்தில் இடம் இல்லாமல் மேலே மேலே அடுக்கினார்கள். இங்கே எதற்காக அடுக்க வேண்டும்? ஒரு கொட்டடிக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்று அதே கையேடு சொல்கிறது. இருபது இருபது பேராக, தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் வைத்து, நடுவில் வாசல் விட்டுக் கட்டுங்கள். பார்வைக்கும் ஊர் மாதிரி இருக்கும், காவலுக்கும் நல்லது. மூன்றாவது மாடியில் ஒருவனுக்கு நெஞ்சு வலி என்று ராத்திரியில் படியில் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களைக் கேளுங்கள். நானும் ஒரு கை பிடித்திருக்கிறேன்.

விளக்கு. மேலதிகாரிகளுக்கு ஹைமாஸ் என்றால் அப்படி ஒரு ஆசை. பட்டியில் அடைத்த வெள்ளாடு ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து நிற்கும் என்பதையும், முதல் மழை முடிந்த அன்று இந்தச் சுற்றுவட்டார ஈசல் மொத்தமும் அந்தக் கம்பத்தடியில் வந்து சாகும் என்பதையும் நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். அதனால் காவல்காரன் பேச்சாகவே சொல்கிறேன். டவரில் நிற்கிறவன் கண்ணுக்கு நேராக விளக்கு அடித்தால் சுவரடியில் இருட்டில் நிற்கிற ஆள் அவனுக்குத் தெரியவே மாட்டான். எனக்கு நடந்திருக்கிறது. சுவருக்கு உள்பக்கமாகத் தாழ்வாகவும் தலையைக் கவிழ்த்தும் விளக்கு வைத்தால் காவலனுக்கும் தெரியும், ஆடும் தூங்கும்.

கேமரா வையுங்கள், ஸ்கேனர் வையுங்கள், அதில் எனக்குப் பேச்சில்லை. செல்போன் ஜாமரை மட்டும் யோசித்து வையுங்கள். எங்கள் பக்கம் கிணற்று மோட்டாரைச் செல்போனில்தான் போடுகிறோம், நிறுத்துகிறோம். சிக்னல் போனால் ராத்திரி ஒரு மணி கரண்டுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குள் நடக்க வேண்டியதுதான்.

இனி சுவரும் இட்டேரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: இட்டேரி என்பது இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே, ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்தில் போகிற பாதை. இரண்டு பக்கமும் முள்கிளுவை. அதில் கோவைக்கொடி ஏறியிருக்கும், பிரண்டை தொங்கும், அடியில் கௌதாரி முட்டை வைத்திருக்கும், கீரி குறுக்கே ஓடும். எங்கள் இட்டேரி ஊரில் கிளம்பி, புறம்போக்கின் தெற்கு ஓரமாகப் போய், குட்டையைத் தாண்டி, கருப்பராயன் கோயிலில் முடிகிறது. பக்கத்துக் குடித்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவது அந்த வழிதான். நில அளவைப் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று கோடு போட்டிருக்கிறது. உங்கள் படத்தில் அந்தக் கோட்டின் மேல்தான் சுவர் ஓடுகிறது. "மெயின் ரோட்டுல சுத்தி வரலாமே" என்றீர்கள். மூன்றரை கிலோமீட்டர் சுத்து, அதுவும் கல் லாரி போகிற ரோட்டில்.

சுவரை ஒட்டி மரமோ புதரோ இருக்கக் கூடாது, உள்ளேயும் வெளியேயும் வெறுந்தரை விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. சுவரை அறுபது மீட்டர் உள்ளே தள்ளுங்கள் என்கிறேன். வெறுந்தரைக்குப் பிறகு மிச்சமாகும் நிலத்தில் இருக்கிற வெள்வேலமரங்களை வெட்டாமல் விட்டு, ரோட்டோரமும் இட்டேரி ஓரமும் கிளுவை வையுங்கள். இதற்கு டெண்டர்கூட வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால் மூன்றாம் வருசம் ஆட்டுக்குட்டி நுழையாது. கொறங்காட்டு வேலி நூறு வருசமாக அப்படித்தான் நிற்கிறது, வெள்ளையடிக்கிற வேலை கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் மரத்தலை தெரியும், அதற்குப் பின்னால் கொஞ்சம் சுவர் தெரியும். நார்வேயில் ஹால்டன் என்ற ஊரில் 2010இல் திறந்த சிறையை என் பேரன் போனில் காட்டினான். காட்டுக்குள் மரங்களைக் காப்பாற்றி வைத்துச் சுவரை அதற்கு நடுவே கொண்டுபோயிருக்கிறார்கள். குளிர் ஊர், பணக்கார நாடு, அவர்கள் கட்டில் மெத்தையை எல்லாம் நான் கேட்கவில்லை. மரத்தை வெட்டாமல் இருக்கப் பணம் வேண்டியதில்லையே என்றுதான் தோன்றியது.

மேய்ச்சல் போகிறதே என்கிற வயிற்றெரிச்சல் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது. எங்கள் ஊரில் இதுவரைக்கும் இருந்த ஒரே ஜெயில் பயிர் மேய்ந்த மாட்டை அடைக்கிற பவுண்டுதான். இப்போது மாடு வெளியே நிற்கும், அது மேய்ந்த காடு உள்ளே போகும். சுவருக்கு வெளியே மிஞ்சுகிற இருபது ஏக்கரையாவது கொழுக்கட்டைப்புல் காடாகவே விட்டு, முறை வைத்து மேய்க்க ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். சிறைக்கு அதில் நட்டம் எதுவும் இல்லை. ஆள் நடமாட்டம் உள்ள வெட்டவெளியைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து கிடையாது; புதியவன் ஒருவன் நடந்தால் மாடு மேய்க்கிறவனுக்கு முதலில் தெரிந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு சுருக்கமாக. தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கையேட்டுக் கணக்கு. 500 பேருக்கு 67,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் ஆறு லாரி, தினமும். காவலர் குடியிருப்பு இதில் சேரவில்லை. நாங்கள் மழை மறைவுப் பகுதி. ஆயிரம் அடி போர் போட்டுப் புகை மட்டும் வந்த காடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. நீங்கள் வளாகத்துக்குள் ஐந்து ஆழ்துளைக் கிணறு போடுவதாகக் குறித்திருக்கிறீர்கள். போட்டால் முதலில் வற்றுவது சுற்றியுள்ள தோட்டத்துக் கிணறுகள். குடிநீர்த் திட்டக் குழாயில் இருந்து இணைப்பு வாங்குங்கள். வருகிற தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு சாக்கடையாகத் திரும்பும், ஏறத்தாழ 54,000 லிட்டர். அதைச் சுத்திகரித்து கோ 4 தீவனப்புல்லுக்குப் பாய்ச்சுங்கள். கைதிகள் வளர்க்கட்டும். கோவை சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை வைத்து விவசாயம் செய்ய வைத்தது நம் துறைதானே, தெரியாத வேலையா? காளை சிலைக்கு ஒதுக்கிய பணத்தில் உயிரோடு நான்கு காங்கேயம் மாடு வாங்கலாம், புல் அவற்றுக்கு ஆகும்.

குட்டையை மறந்துவிட்டீர்கள். புறம்போக்கின் மேட்டில் விழுகிற மழை ஒரு பள்ளம் வழியாகத்தான் குட்டைக்கு வருகிறது. உங்கள் படத்தில் அந்தப் பள்ளத்தை மூடி அதன்மேல் வாகன நிறுத்தம் போட்டிருக்கிறீர்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் மெயின் கேட்டுக்குத்தான்.

இத்தனையும் சொன்னது ஊருக்காக. இனிச் சொல்வது, கூட்டத்தில் யாரும் கேட்காத ஒரு ஆளுக்காக.

சிறையில் 'மனு' என்றால் கைதியைச் சொந்தக்காரர் வந்து பார்ப்பது. நான் மெயின் கேட்டில் நின்ற வருசங்களில் மனுவுக்கு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள். அம்மா, பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை. உள்ளே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் கணக்கே அதைத்தான் சொல்கிறது. வந்து நிற்கிற பெண்களில் பலருக்கு வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்பதுகூடத் தெரியாது.

ஒரு நாள் பர்கூர் மலைப்பக்கத்தில் இருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முதல் நாள் சாயங்காலமே கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் படுத்து, காலையில் வந்து சேர்ந்தவர். மகனைப் பார்க்க. பதிவு செய்துவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். பதினொரு மணி, பன்னிரண்டு மணி, கூப்பிடவில்லை. கையில் ஒரு மஞ்சப்பை, அதில் மகனுக்கு இரண்டு பனியன், ஒரு பிஸ்கட் பாக்கெட். நான்கு தடவை எழுந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். கடைசியில் என் பக்கத்தில் வந்து, குரலே வராமல், "ஏனுங் சாமி, இங்க ஒதுங்கறதுக்கு எங்கீங்க போறது?" என்று கேட்டார்.

மனு பார்க்க வருகிறவர்களுக்கு அந்தச் சிறையில் கக்கூஸ் கிடையாது. உள்ளே கைதிக்கு உண்டு, அதிகாரிக்கு உண்டு, வார்டருக்கு உண்டு. வருகிறவர்களுக்கு யாரும் படத்தில் போடவில்லை, அதனால் கட்டவில்லை. நான் கையை நீட்டிச் சுவரோரத்துக் கருவேலம் புதரைக் காட்டினேன். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மா புதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய் மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யூனிஃபார்ம் போட்டு நின்றுகொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் படத்தில் மனுவுக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் இடத்தை அன்றைக்குக் கூட்டத்தில் தேடினேன். இல்லை. கேட்டுக்கு வெளியே 'விசிட்டர்ஸ்' என்று ஒரு வட்டம் மட்டும் போட்டிருக்கிறது, அதுவும் கார் நிறுத்துகிற இடத்துக்கு. காரில் வருகிறவனா மனுவுக்கு வரப்போகிறான்? எங்கள் ஊருக்கு டவுன் பஸ் நாளைக்கு நான்கு தடவைதான். கடைசி பஸ் நாலரைக்கு. மெயின் ரோட்டில் இறங்கினால் இரண்டரை கிலோமீட்டர் நடை, வழியில் நிழல் கிடையாது. கிராமத்துச் சூழலுக்குப் பொருத்தமான சிறை என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த நடைதான். நகரத்துச் சிறையில் வெளியே வந்தால் டீக்கடை இருக்கும், ஆட்டோ இருக்கும், கட்டணக் கழிப்பிடம் இருக்கும். இங்கே நீங்கள் கட்டாதது எதுவும் இருக்காது.

காவலர் குடியிருப்பைப் பற்றியும் ஒன்று. அதைப் பெரிய சுவருக்குப் பின்னால், ஊருக்கு முதுகைக் காட்டி வைத்திருக்கிறீர்கள். அதில் வளர்ந்த என் மகளைக் கேட்டால் சொல்லுவாள், பத்து வருசம் அவளுக்கு ஊர் என்றால் என்னவென்று தெரியாது. குடியிருப்பை ஊர்ப் பக்கமாக, இட்டேரி ஓரமாக வையுங்கள். எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகள்தான் மிச்சம், இரண்டு ஆசிரியர். வார்டர் வீட்டுப் பிள்ளைகள் முப்பது பேர் வந்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும். மளிகைக் கடைக்காரர் கடனுக்குச் சரக்குக் கொடுப்பார். ஊருக்கும் சிறைக்கும் ஒட்டுறவு அப்படித்தான் வரும். கேட் மேல் காளை வைத்தால் வராது.

நான் கேட்பது இவைதான். இந்தப் படத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். வடக்கு எது, காற்று எந்தப் பக்கம், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, இட்டேரியும் பள்ளமும் எங்கே ஓடுகின்றன என்று குறித்து, தரைத்தளமும் ஒரு மாடியுமாகப் புதுப் படம் வரையுங்கள். சுவரை உள்ளே தள்ளி, இட்டேரியை வண்டிப்பாதையாகவே விட்டுவைத்து, குட்டைக்கு வரும் பள்ளத்தைத் திறந்து வையுங்கள். கழிவுநீர் நிலையத்தை வடகிழக்குக்கு மாற்றுங்கள். ஆழ்துளைக் கிணறுகளை ரத்து செய்துவிட்டு, குடிநீர்த் திட்டத்தில் இருந்து தண்ணீர் வருகிறது என்று உறுதியான பிறகு அடித்தளம் தோண்டுங்கள். மீதி நிலத்தின் மேய்ச்சலை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கொடுங்கள். கைதி ஒருவன்கூட உள்ளே வருவதற்கு முன்னால் மனுவுக்கு வருகிறவர்களுக்கு ஓடு வேய்ந்த கூடமும், குடிதண்ணீரும், பெண்களுக்குக் கதவு உள்ள கழிப்பறையும் கட்டி முடியுங்கள். மனு நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி பஸ் நேரத்தை மாற்றப் போக்குவரத்துக் கழகத்துக்கு நீங்களே எழுதுங்கள். நாங்கள் எழுதிய மூன்று மனுவுக்கும் பதில் வரவில்லை.

புதுப் படத்தைச் சமுதாயக் கூடத்தில் விரிக்க வேண்டாம். ஆடி மாதம் பதினைந்து தேதிக்குமேல் ஒரு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, அந்தப் புறம்போக்கிலேயே வந்து விரியுங்கள். காற்றில் தாள் பறக்கும், பாட்டில் போதாது, நான்கு கல் எடுத்து வைக்கிறேன். டேப்பும் முளைக்குச்சியும் என்னிடம் இருக்கின்றன. இட்டேரி முனையில் வேலமரத்தடியில் இருப்பேன்.

இப்படிக்கு,
இட்டேரிக்கு இந்தப் பக்கத்துக் காட்டுக்காரன்,
ஓய்வு பெற்ற சிறைத் தலைமைக் காவலர்